கயித்தான் எழுதாத பரீட்சை

மாதாகோயில் பூசையெல்லாம் இலத்தீனில் நடந்த காலம். செம்மணல் தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம், கடலுக்கு இந்தப் பக்கம், ஒரு குருமடம் இருந்ததாம். இருந்தது என்பார்கள் சிலர். ஆடிக்காற்றில் செம்மணல் மூடிவிட்டது என்பார்கள் சிலர். நாம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

சாமியாராகப் போகிற பையன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்தவர் வியாகுலம் வாத்தியார். பெயரில் இருந்த வியாகுலம் முகத்தில் கிடையாது.

விடிந்ததும் வாசகசாலைக் கதவைத் திறப்பார். கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பார். ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே விரிப்பார். உட்கார மறந்துபோகும். காலைச் சாப்பாட்டுக்கு ஆள் தேடி வரும்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

மதிலுக்கு வெளியே அவருக்கு வீடு. மனைவி பெயர் பிரகாசி.

"எங்க வீட்டுக்காரருக்குச் சோறு வச்சா மட்டும் பத்தாது. தட்டு எந்தப் பக்கம் இருக்குன்னும் சொல்லணும்" என்பாராம் அந்த அம்மாள்.

வாத்தியாருக்கு ஐம்பத்தேழு வயது நடந்தபோது ஒரு புது மாணவர் வந்து சேர்ந்தார். மாணவருக்கு வயது அறுபது.

பெயர் கயித்தான். தேரிக்காட்டுக்குள் கருக்குவிளை என்று ஒரு சிற்றூர். அங்கே முப்பது வருடம் உபதேசியாராக இருந்தவர். சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லிக்கொடுப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் உபதேசியார்தான். சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மணலில் வண்டி ஓடாது. நடந்துதான் வரவேண்டும்.

யாராவது சாகக் கிடந்தால், கடைசிப் பாவமன்னிப்பு கொடுக்கச் சாமியாருக்கு ஆள் அனுப்புவார்கள். அதை உபதேசியார் கொடுக்க முடியாது. சாமியார் வருவதற்குள் உயிர் போய்விடும். அப்படிப் பத்துப் பேர் போனார்கள். பதினோராவது ஆள் கயித்தானின் மனைவி. மூன்று நாள் சாமியார் வந்தாரா வந்தாரா என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் கண்ணை மூடினாள்.

அடக்கம் முடிந்து கை மண்ணைத் தட்டும்போது கயித்தான் சொன்னார்.

"இந்த ஊருக்கு ஒரு சாமியார் வேணும். வேற எவனும் வரமாட்டான். நான்தான் ஆகணும்."

சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான ஆயரிடம் போய் நின்றார். ஆயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மற்ற படிப்பையெல்லாம் சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் பூசை வைக்கிறவனுக்கு இலத்தீன் தெரிய வேண்டும் என்றார். வருடத்தில் மூன்று பரீட்சை. மூன்றில் ஒன்றிலாவது நாற்பது மார்க் வாங்கினால் குருப்பட்டம். இல்லையென்றால் கருக்குவிளைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

முதல் பரீட்சையில் கயித்தான் வாங்கியது பதினொன்று.

இரண்டாவதில் பத்தொன்பது.

வகுப்பில் அவரோடு படித்த பதினேழு பையன்களும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் ஒருவன் விரல்விட்டுக் கணக்குப் போட்டான்.

"தாத்தா, ஒவ்வொரு பரீட்சைக்கும் எட்டு ஏறுது. இன்னும் மூணு பரீட்சை வச்சா தேறிருவிய."

"கணக்கு நல்லா வருதுல உனக்கு" என்றார் கயித்தான். "சாமியார் வேலைய விட்டுட்டு மளிகைக்கடை வை."

பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு நேரே வாசகசாலைக்குப் போனார்.

வாத்தியார் நின்றபடி படித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே."

வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார்.

"வாத்தியாரே, எனக்கு இது வருமா வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. போய்ப் பனையாவது ஏறுவேன்."

வாத்தியார் நிமிர்ந்தார். அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கடைசிப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள், அண்ணாச்சி?"

"நாலு மாசம்."

வாத்தியார் அலமாரியின் கீழ்த்தட்டில் கைவிட்டார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். அட்டை இல்லை. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

"இதைப் படிங்க."

கயித்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இது பரீட்சைக்கு வருமா?"

"வராது."

"இதுல செபம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றார் வாத்தியார்.

கயித்தான் புத்தகத்தைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். பெரியவர்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று சும்மா இருந்தார். பிறகு இவர் தன்னைவிட மூன்று வயது சின்னவர் என்பது நினைவுக்கு வந்தது.

"வாத்தியாரே, நீங்க விளையாடுதிய. எனக்கு விளையாட நேரமில்ல."

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கயித்தான் பாடப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு புரண்டார். குளிக்கும் தொட்டியின் சுவரில் கரியால் வார்த்தைகளை எழுதிவைத்தார். தலையில் தண்ணீர் ஊற்றும்போது சத்தமாகச் சொல்வார். துவட்டி முடிப்பதற்குள் மறந்துவிடும். மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொள்வார். அந்த மாதம் அவருக்குச் சளி பிடித்ததே தவிர இலத்தீன் பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வாத்தியாரே அவரைத் தேடி வந்தார். காதில் பென்சில் செருகியிருந்தது.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு தெரியணும்."

"என்கிட்டயா?"

"ஆடிக்காத்துல தேரி எந்தப் பக்கம் நகரும்?"

"கிழக்க."

"நகரப்போகுதுன்னு முன்னாலயே எப்படித் தெரியும்?"

கயித்தானுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மணல் மேட்டின் உச்சி எப்படிப் புகையும், எறும்பு எப்படி முட்டையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும், உடைமுள் வேலியை எந்தச் சாய்வில் நட்டால் மணல் நிற்கும் என்றெல்லாம் சொன்னார். வாத்தியார் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். புரியாத இடத்தில் திரும்பக் கேட்டார். ஒரு முறை தப்பாக எழுதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தார்.

"இதைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?"

"தெரிஞ்சுக்கப் போறேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

கயித்தான் காலடி மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"நாளைக்கும் வாரேன்" என்றார் வாத்தியார். "நீங்க எனக்கு மணலைப் பத்தி ஒரு விஷயம் சொல்லுங்க. நான் உங்களுக்கு அந்தச் சின்னப் புத்தகத்துல ஒரு வரி."

"திரும்பவும் அந்தப் புத்தகமா?"

"சும்மா வாங்கிக்கிட்டா எனக்கு வெட்கமா இருக்கும், அண்ணாச்சி."

அப்படித்தான் அது தொடங்கியது. முதல் பக்கத்துக்குப் பதினோரு நாள் ஆனது. கயித்தான் ஒவ்வொரு வார்த்தையாகத் தூக்கித் திருப்பிப் பார்த்து இறக்கிவைத்தார். கிணற்றுக்குக் கல் சுமக்கிற மாதிரி.

அது ஒரு கஞ்சனின் கதை. அவனுக்குத் திருட்டுப் பயம். வீட்டுக்கு ஒரே வாசல். ராத்திரி ஆனதும் அந்த வாசலுக்குக் குறுக்கே படுத்துவிடுவான். என்னைத் தாண்டி எவன் உள்ளே போவான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான்.

இவ்வளவும் தெரிந்துகொள்ள மூன்று பக்கம், ஒரு மாதம்.

"இந்த ஆளு ஏன் கதவுல பூட்டுப் போட மாட்டங்கான்?" என்று கேட்டார் கயித்தான்.

"படிங்க."

"திருடன் வருவானா?"

"படிங்க, அண்ணாச்சி."

"நீங்க இதை எத்தனை தடவை படிச்சிருப்பிய?"

"எண்ணல."

ஒரு நாள் கயித்தான் கொஞ்சம் சீக்கிரமாக வாசகசாலைக்கு வந்தார். உள்ளே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். வாத்தியார் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கையில் அந்தச் சின்னப் புத்தகம். கண்ணில் தண்ணீர் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"என்ன வாத்தியாரே, என்ன?"

"ஆறாம் பக்கம்" என்றார் வாத்தியார்.

"சொன்னா நானும் சிரிப்பேனே."

வாத்தியார் தலையை ஆட்டினார். "நான் சொன்னா நீங்க எனக்காகச் சிரிப்பிய."

இன்னொரு நாள் கயித்தான் கேட்டார்.

"நீங்களும் சின்ன வயசுல சாமியாராகத்தானே இங்க வந்திய? ஏன் ஆகல?"

வாத்தியார் வாசகசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பதினாலு வயசுல வந்தேன். எங்க வீட்ல இருந்தது ஒரே புத்தகம். அது பஞ்சாங்கம். இந்தக் கதவைத் திறந்து காட்டினாங்க. நாலாயிரத்து முந்நூறு புத்தகம். அப்ப குருமடத்தை நடத்தின அதிபர்சாமிகிட்ட, சாமியாரானா தினம் படிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்னு கேட்டேன். 'அரை மணி நேரம் கிடைச்சா தேவனுக்கு நன்றி சொல்லு'ன்னார். நான் மறுநாள் வாத்தியாராகிறேன்னு சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும் படிச்சாச்சா?"

"ஆயிரத்து நூறு பாக்கி."

"முடிச்சிருவிய."

"சாபம் குடுக்காதீங்க, அண்ணாச்சி" என்றார் வாத்தியார்.

நாலாவது பக்கம் ஐந்து நாளில் முடிந்தது. ஐந்தாவது பக்கம் நாலு நாளில். கயித்தான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பாடப்புத்தகம் இன்னும் மண்டையில் ஏறவில்லை என்பதுதான் அவர் கவலை. படுத்தால் கருக்குவிளைக் கல்லறைத் தோட்டம் கண்ணுக்குள் வந்தது. பதினோரு குழி. பன்னிரண்டாவது யாருக்கோ?

கடைசிப் பரீட்சை நாள் வந்தது. எட்டு மணிக்கு மணி அடிப்பார்கள். பத்து மணிக்குத் தாளை வாங்கிவிடுவார்கள்.

காலைப் பூசை முடிந்ததும் கயித்தான் வாசகசாலைக்கு ஓடினார். ஒரே ஒரு வார்த்தையை அகராதியில் சரிபார்க்க வேண்டும். பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. திரும்பும்போது மேசையில் சின்னப் புத்தகம் கண்ணில் பட்டது. ஆறாம் பக்கத்தில் ஒரு பனையோலைத் துண்டு வைத்திருந்தார்.

இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஒரு வரி பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தார்.

முதல் வரியில் திருடன் வந்துவிட்டான்.

வந்தவன் வாசலில் படுத்திருந்த கஞ்சனைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மரியாதையாக அவனைத் தாண்டி உள்ளே போனான். கஞ்சன் குறட்டை விட்டான். திருடன் ஒரு சாக்கை எடுத்தான். வெள்ளிப் பாத்திரம், வெண்கல விளக்கு, பெட்டியில் இருந்த காசு எல்லாவற்றையும் போட்டுக் கட்டினான். தூக்கிப் பார்த்தான். சாக்கு அசையவில்லை. இழுத்து இழுத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். தலையில் ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். அங்கே இருந்தது ஒரே ஆள். திருடன் குனிந்து கஞ்சனின் தோளைத் தொட்டு, "ஐயா, கொஞ்சம் கைகொடும்" என்றான். கஞ்சன் அரைத்தூக்கத்தில் எழுந்தான். ஒரு கை கொடுத்துச் சாக்கைத் திருடன் தலையில் ஏற்றினான். "என்னப்பா இந்தக் கனம் கனக்குது! வழியில எங்கயும் இறக்கி வச்சிராத. திருட்டுப் பயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

கயித்தான் சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. மேசையைத் தட்டினார். "அட சண்டாளா" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். அதற்கு அடுத்த வரிக்குப் போனார்.

எட்டு மணி அடித்தது.

பரீட்சை அறையில் வாத்தியார் பதினேழு பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்தார். பதினெட்டாவது இடம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தார். பிறகு இருக்கிறவர்களில் மூத்த பையனைக் கூப்பிட்டு, "பார்த்துக்கோ, இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

வாசகசாலை வாசலில் நின்றார். உள்ளே கயித்தான் தெரிந்தார். 'திருட்டுப் பயம் இருக்கு, திருட்டுப் பயம் இருக்கு' என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வாசற்படியைத் தாண்டவில்லை.

பத்து மணிக்குக் கயித்தான் தலையை நிமிர்த்தினார். எதிரே வாசலில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு அடிச்சிட்டா, வாத்தியாரே?"

"பத்து அடிச்சிட்டு."

கயித்தானுக்கு முதலில் விளங்கவில்லை. வெயில் எங்கே விழுகிறது என்று ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுந்து ஓடினார். அறுபது வயது ஆள் அப்படி ஓடுவதை அந்தக் குருமடம் பார்த்ததில்லை. பரீட்சை அறையிலிருந்து பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"தாத்தா, எங்க போனிய? கேள்வி ரொம்ப லேசு!"

கயித்தான் முற்றத்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மதியத்துக்கு முன்பே அதிபர்சாமி இரண்டு பேரையும் வரச் சொன்னார். அதிபர்சாமி நல்ல மனிதர்தான். ஆனால் மணிக்கும் சட்டத்துக்கும் பிறந்தவர். மேசையில் பதினேழு விடைத்தாள்கள் இருந்தன.

"வியாகுலம், படைத்தலைவன் குதிரை மேல் ஏறினான் என்று ஒரு வாக்கியம் கொடுத்தீரே. தமிழில் என்ன எழுதியிருக்கிறார்கள், பார்த்தீரா?"

"இன்னும் பார்க்கல, சாமி."

"படைத்தலைவன் குதிரையைத் தின்றான். ஒன்றிரண்டு பேர் இல்லை. ஒருவனைப் பார்த்து ஒருவன், பதினேழு பேரும். பதினேழு குதிரை போயிற்று. நீர் எங்கே இருந்தீர்?"

"வாசகசாலை வாசல்ல நின்னேன், சாமி."

"இரண்டு மணி நேரமா?"

"ஆமா, சாமி."

அதிபர்சாமி பெருமூச்சு விட்டார். "இந்தக் குதிரைக்காரர்களுக்கு நாளைக்கு மறுபடி வைக்கிறேன். ஆனால் உபதேசியாருக்கு வைக்க முடியாது. ஆயர் சொன்னது மூன்று தடவை. வராததும் ஒரு தடவைதான். தேறவில்லை என்று இன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும்."

கயித்தான் தரையைப் பார்த்தபடி நின்றார். "என் தப்புத்தான், சாமி" என்றார்.

"தேறிட்டார்னு எழுதுங்க, சாமி" என்றார் வாத்தியார்.

"எங்கே தாள்?"

"தாள் இல்ல."

"பிறகு?"

"சிரிச்சார்."

அதிபர்சாமி பேனாவைக் கீழே வைத்தார். "வியாகுலம், வெயில் அதிகம்தான். அதற்காக இப்படியா?"

"ஆறாம் பக்கத்துல சிரிச்சார், சாமி. சிரிக்க வேண்டிய வரியில. நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல. முப்பத்தஞ்சு வருஷத்துல எத்தனையோ பேருக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கேன். நூறு மார்க் வாங்கினவங்க உண்டு. ஒருத்தரும் சிரிச்சதில்ல. முகத்தைப் பார்த்துட்டு நான் விளக்கிச் சொல்லுவேன். அப்புறம் மரியாதைக்குச் சிரிப்பாங்க."

புத்தகத்தை மேசை மேல் வைத்தார். அதிபர்சாமி அதை விரலால் திருப்பிப் பார்த்தார்.

"உபதேசியாரே, எதற்குச் சிரித்தீர்?"

கயித்தான் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். திருடன் செருப்பைக் கழற்றிய இடத்தில் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. சாக்கை இழுக்கும் இடத்தில் அவர் கை தானாகவே சாக்கை இழுத்தது. அதிபர்சாமி புத்தகத்தில் விரல் வைத்து வரி வரியாகக் கூடவே போனார். கயித்தான் ஒரு வரியையும் விடவில்லை. ஒன்றைக் கூட்டவும் இல்லை.

"'வழியில எங்கயும் இறக்கி வச்சிராத. திருட்டுப் பயம் இருக்கு'ன்னு சொல்லிட்டு..."

அதிபர்சாமியின் விரல் நின்றது. உதட்டைக் கடித்தார். பலிக்கவில்லை. அங்கி குலுங்க, நாற்காலி கிறீச்சிட, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். வெளியே போய்க்கொண்டிருந்த பையன்கள் நின்று பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும் முகத்தை நேராக்கிக்கொண்டு நாலு பக்கம் தள்ளித் திருப்பினார்.

"இதை நீர் இன்னும் படிக்கவில்லையே?"

"அதுவரைக்கும் வரல, சாமி."

"இங்கிருந்து படியும். படித்துத் தமிழில் சொல்லும்."

கயித்தான் படித்தார். விடிந்ததும் கஞ்சன் அக்கம்பக்கத்தாரிடம், ராத்திரி ஒரு ஏழை வழிப்போக்கனுக்குச் சுமை தூக்கிவிட்டேன், நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டான், இந்தக் காலத்தில் மனிதர்களே இப்படித்தான் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தான். கயித்தான் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வார்த்தை வார்த்தையாகச் சொல்லவில்லை. கஞ்சன் குறைப்படுகிற மாதிரியே சொன்னார்.

ஒரு இடத்தில் நின்றார்.

"இந்த வார்த்தை தெரியாது, சாமி."

அதிபர்சாமி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது. வியாகுலம்?"

"அது ஒரு வகைக் கூடைன்னு நினைச்சுத்தான் இத்தனை வருஷமாப் படிச்சுக்கிட்டு வாரேன்" என்றார் வாத்தியார். "சரியான்னு பார்த்ததில்ல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அகராதி எடுக்க ஓடினார். மூன்று தலைகளும் அதன் மேல் குனிந்தன. அது கூடை இல்லை. பாத்திரம் தொங்கவிடும் கொக்கியாம். வாத்தியார் அதைக் கேட்டு, புதையல் எடுத்தவர் மாதிரி, "கொக்கியா! கொக்கியா!" என்று இரண்டு தடவை சொன்னார்.

அதிபர்சாமி பேனாவை எடுத்தார். ஆயருக்கு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார்.

"கருக்குவிளை உபதேசியார் கயித்தானுக்கு இலத்தீன் தெரியும். நானே வாய்மொழியாகச் சோதித்தேன்."

கயித்தான் முழந்தாளிட்டு அவர் கையில் முத்தமிட்டார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். சின்னப் புத்தகம் கயித்தான் கையில் இருந்தது. முற்றத்தில் வெயில் கொதித்தது. மதில் கதவு வரைக்கும் நடந்தார்கள். அங்கே கயித்தான் நின்றார். சந்தோஷம் இறங்கி, அதற்கு அடியில் இருந்த கோபம் மேலே வந்திருந்தது.

"எட்டு மணி அடிச்சது உங்களுக்குக் கேட்டுதா, வாத்தியாரே?"

"கேட்டது."

"என்னைத் தேடித்தானே வந்திய?"

"ஆமா."

"வந்து பார்த்திய."

"பார்த்தேன்."

"ஆனா கூப்பிடல."

"கூப்பிடல."

"எங்க ஊர்ல பதினோரு குழி இருக்கு. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், அண்ணாச்சி."

"அதிபர்சாமி மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கதை என்ன? எங்க ஊரு கதை என்ன?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனையால் துடைத்தார்.

"அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"மூணு தடவை கூப்பிட வாயெடுத்தேன்" என்றார் வாத்தியார். "மூணு தடவையும் நீங்க பக்கத்தைப் புரட்டிட்டிய."

கயித்தான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, புத்தகத்தை விரித்தபடி வந்த வழியே வாசகசாலையைப் பார்த்து நடந்தார்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரைக்கும் வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்.